பகிடிச் சித்திரம்: முதற்கோட்டிலிருந்து தொகுப்பு நூல் வரை

கேலிச்சித்திரம் ஒன்று தேறுமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. படத்தைக் கையால் மூடிக்கொண்டு வசனத்தை மட்டும் வாசியுங்கள். அதிலேயே சிரிப்பு வந்துவிட்டால் அது வெறும் துணுக்கு, படம் வீண். பிறகு வசனத்தை மூடிப் படத்தைப் பாருங்கள். முழுதும் விளங்கிவிட்டால் வசனம் வீண். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கணத்தில் வாசகர் தானாகக் கண்டுபிடிக்கிற ஒன்று இருக்க வேண்டும். அதுதான் பகிடி. பேனை, தாள், எழுத்து, ஸ்கான், நூற் கட்டமைப்பு என்று கீழே சொல்லப்படும் எல்லாம் அந்த இடைவெளியைக் கெடுக்காமல் வாசகர் கண்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான வேலைகளே.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கலையைப் பழக விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது ‘சுந்தர்’ என்ற சிவஞானசுந்தரத்தின் படங்களை. 1960களின் முற்பகுதியில் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்த ‘சிரித்திரன்’ சஞ்சிகையின் ஆசிரியரும் ஓவியரும் அவரே. சவாரித்தம்பர், மெயில்வாகனத்தார் போன்ற அவரது பாத்திரங்கள் ஊர்ப்பேச்சில் ஆட்களாகவே உலவினார்கள். தமிழகப் பக்கம் மாலி, கோபுலு, மதன் ஆகியோரின் விகடன் படங்களையும், குறிப்பாகக் கோபுலுவின் வசனமில்லாப் படங்களையும் பாருங்கள். பார்க்கும்போது சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பாமல், மேலே சொன்ன மூடிப் பார்க்கும் சோதனையை ஒவ்வொன்றிலும் செய்யுங்கள். ஐம்பது படங்களில் செய்தால் எது எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடத் தொடங்கும்.

பழைய படங்களைப் பார்க்கும்போது அச்சுமுறையையும் நினைவில் வைத்திருங்கள். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் படத்தைப் புகைப்படமெடுத்து, நாகத்தகட்டில் அமிலத்தால் அரித்து ‘புளொக்’ செய்வார்கள். கோட்டு புளொக்கில் கறுப்பும் வெள்ளையும்தான் வரும், சாம்பல் வராது. அதனால் நிழலையும் மண்ணையும் வேட்டிக் கரையையும் கோட்டு நெருக்கத்தாலும் புள்ளிகளாலும் காட்டப் பழகினார்கள். மலிவான தாளிலும் சிதையாத அந்தப் பழக்கம் இன்றைக்கும் நல்ல பழக்கம்.

பகிடியைப் பிடிக்கும் முறை

ஒரு கொப்பித்தாளை நடுவால் பிரியுங்கள். இடப்பக்கம் ஊரில் ஆட்கள் வழமையாகச் சொல்லும் நல்ல வசனங்களை எழுதுங்கள்: “வெக்கப்படாமல் கேளுங்கோ”, “நாங்கள் சீதனம் ஒண்டும் கேக்கேல்லை”, “இந்தா, பத்து நிமிசத்திலை வாறன்”, “பிள்ளையைக் குழப்பாதேங்கோ, படிக்கட்டும்.” வலப்பக்கம் நடக்கும் காரியங்களை எழுதுங்கள்: இரவோடிரவாக வேலி நகர்வது, மாப்பிள்ளை வீட்டார் அளவுநாடாவோடு வளவு பார்ப்பது, விடிய ஐந்து மணி ரியூசன், கலியாண வீட்டில் பறக்கும் ட்ரோன் கமெரா. பக்கத்துக்கு இருபது எழுதினால் 400 சோடிகள் கிடைக்கும். பெரும்பாலானவை ஒட்டாது. ஐந்தாறு தானாக உயிர் பெறும். வசனம் எவ்வளவு நல்லதோ, காரியம் எவ்வளவு மோசமோ, அவ்வளவுக்குப் பகிடி வலுக்கும்.

ஒன்றை எடுத்துக் கடைசிவரை போவோம். வசனம் “கேளுங்கோ”, காரியம் வேலி தள்ளுதல்.

அயல்வீட்டுக்காரர் வேலியைத் தள்ளி அடைத்துவிட்டார். மற்றவருடைய கிணறு இப்போது இவருடைய வளவுக்குள். முதலில் மனதில் வரும் வசனம் இப்படி இருக்கும்: “அண்ணை, வேலி அடைக்கேக்கை உங்கடை கிணறு என்ரை வளவுக்கை வந்திட்டுது.” இதை எறிந்துவிடுங்கள். படம் காட்டப் போவதை வசனம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. இரண்டாவது: “ஒரு சாண்தானே தள்ளினனான்!” இது பரவாயில்லை. வசனம் சிறிது, படம் பெரிது, பொய் வெளிப்படுகிறது. ஆனால் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தற்காத்துக்கொள்கிறார். ஒப்புக்கொள்பவனைப் பார்த்து அவ்வளவாகச் சிரிப்பு வராது. மூன்றாவது: “அண்ணை, தண்ணி வேணுமெண்டால் வெக்கப்படாமல் கேளுங்கோ.” இதில் வேலி என்ற சொல்லே இல்லை. திருட்டைப் படம் சொல்கிறது, தாராள மனதை வசனம் சொல்கிறது. இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வசனத்தின் வால் முக்கியம். “அண்ணை” கடைசியில் வந்தால், அடி விழுந்த பிறகும் ஒரு சொல் இழுபடும். விளியை முன்னுக்குத் தள்ளி, “கேளுங்கோ” என்பதைக் கடைசியில் நிறுத்துங்கள்; கிணற்றுச் சொந்தக்காரர் இனிக் ‘கேட்க’ வேண்டும் என்பதுதான் குத்து. தமிழில் சொற்களை இடம் மாற்ற நல்ல சுதந்திரம் இருக்கிறது. ஒரே வசனத்தை மூன்று ஒழுங்கில் எழுதி வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நீளம் ஏழெட்டுச் சொல்லுக்குள் நின்றால் நல்லது. பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு பகிடி ஒன்றோடொன்று மோதுகிறதா என்று சந்தேகியுங்கள்.

மரியாதைச் சொல்லிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணப் பேச்சில் கேள், கேளும், கேளுங்கோ என்று மூன்று படி. “கேளும்” என்றால் சமவயதுக்காரன், சற்று விறைப்பு. “கேள்” என்றால் உரிமை. “கேளுங்கோ” என்ற பணிவுதான் இங்கே களவைப் பன்மடங்கு காட்டுகிறது. பாத்திரங்களுக்கு இடையிலுள்ள உறவை விளக்க ஒரு வரி எழுதத் தேவையில்லை. வினைச்சொல்லின் முடிவே சொல்லிவிடும். எழுத்துக்கூட்டலையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்: “எண்டு” என்றால் எல்லாப் படத்திலும் “எண்டு”, “என்ரை” என்றால் எங்கும் “என்ரை”. ஒரு படத்தில் பேச்சுத்தமிழும் பாடப்புத்தகத் தமிழும் கலந்தால் பாத்திரம் நாடகமேடையில் நிற்பதுபோலாகிவிடும்.

வசனமே வேண்டாத படங்களும் உண்டு. தேர் முட்டியில் நிற்கிறது. வடம் நிலத்தில் கிடக்கிறது. அடியார் எல்லாரும் இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். இதற்குக் கீழே ஒரு சொல் எழுதினாலும் கெட்டுவிடும்.

படத்தை அமைத்தல்

வேலிப் பகிடிக்குத் திரும்புவோம். பார்வைக்கோணம் பிழைத்தால் பகிடியே போய்விடும். நிற்கும் ஆளின் கண்மட்டத்தில் வரைந்தால் வேலி நேர்கோடாகத் தெரியும்; கிணற்றைச் சுற்றி அது வளைந்திருப்பது தெரியாது. மாமரக் கொப்பில் இருந்து பார்ப்பதுபோல் சற்று மேலிருந்து வரையுங்கள். அடிவானக் கோடு படத்தின் மேற்புறத்தில், அல்லது சட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். வேலி நேராக வந்து, கிணற்றடியில் மட்டும் வயிறு தள்ளி வளைந்து, திரும்ப நேராகப் போக வேண்டும். பழைய எல்லை எது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? தறித்த பழைய கதியால் (வேலிக்கு நட்ட மரத்தடி) குற்றிகள் நாலைந்தை, வளைவுக்குக் குறுக்கே நேர்வரிசையில் போடுங்கள். அவ்வளவும் போதும். புதுக் கிடுகை வெறுமையாக, பழைய கிடுகை நெருங்கிய கோடுகளால் கறுப்பாக விட்டால் எந்தத் துண்டு புதிது என்பதும் விளங்கும்.

ஆட்கள் இருவர். தள்ளியவர் துலாக்கயிற்றைப் பிடித்தபடி, உடம்பு முன்னுக்குச் சாய்ந்து, உபசாரமாக. இழந்தவர் வெறும் வாளியோடு, தோள் தொங்கி. வசனம் படத்துக்குக் கீழே அச்சாகும்போது யார் பேசுகிறார் என்பது வாயில்தான் தெரியும். ஒரு வாய் மட்டும் திறந்திருக்க வேண்டும். இரண்டு வாயும் திறந்திருந்தால் வாசகர் திக்குமுக்காடுவார். அந்த ஒரு கணத் தடுமாற்றம் பகிடியைத் தின்றுவிடும்.

வரைந்து முடிந்ததும் ஆட்களை முழுக் கறுப்பாக நிரப்பிய சிறு நிழலுருவாக வேறொரு தாளில் பாருங்கள். யார் கொடுக்கிறார், யார் ஏங்குகிறார் என்று நிழலுருவிலேயே தெரிந்தால் உடல்நிலை சரி. தெரியாவிட்டால் முகத்தை எவ்வளவு திருத்தினாலும் பிரயோசனமில்லை. ஆரம்பக்காரர் முகத்தில் பிழைவிடுவதைவிட முதுகிலும் தோளிலும் விடும் பிழைதான் அதிகம்.

பின்னணியில் பகிடிக்கு வேலை செய்யாத எதையும் அழியுங்கள். ஒரு பனை ஊரைக் காட்டும். பத்துப் பனை கண்ணைப் பறிக்கும்.

தாள், பேனை, அளவு

ஏ5 நூலில் பக்க அகலம் 148 மில்லிமீற்றர். உள்ளோரம் 20, வெளியோரம் 18 விட்டால் படத்துக்கு 110 கிடைக்கும். மூலப்படத்தை ஒன்றரை மடங்காக, 165 மில்லிமீற்றர் அகலத்தில் வரையுங்கள்; ஏ4 தாளில் வசதியாக அடங்கும். அச்சில் 67 வீதமாகச் சுருங்கும்போது கை நடுக்கமும் சுருங்கும். இரண்டு மடங்குக்கு மேல் போகாதீர்கள்: வரையும்போது காற்றோட்டமாகத் தெரிந்த கோடுகள் சுருங்கியதும் ஒட்டிக்கொள்ளும்.

நுனிப்பேனை வாங்கும்போது, உறையில் இருக்கும் இலக்கம் மில்லிமீற்றர் என்று நினைத்துவிடாதீர்கள். பிக்மா மைக்ரானில் 01 என்பது 0.25 மில்லிமீற்றர், 03 என்பது 0.35, 05 என்பது 0.45, 08 என்பது 0.50. ஆட்களின் வெளிக்கோட்டுக்கு 08, உடை மடிப்புக்கும் முகத்துக்கும் 03 அல்லது 05, தூரப் பின்னணிக்கு 01. எல்லாவற்றையும் ஒரே பேனையால் வரைந்தால் கிணறும் ஆளும் ஒரே தளத்தில் ஒட்டினதுபோல் இருக்கும். தொட்டெழுதும் நிப்பும் இந்தியன் மையும் பழகினவர்களுக்கு அமர்த்தலில் கோடு தடித்து மெலியும். அந்த உயிர் நுனிப்பேனையில் வராது. பழகச் சில மாதம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

தாள், சதுர மீற்றருக்கு 200 கிராம் நிறையுள்ள வழவழப்பு மட்டை. 80 கிராம் போட்டோப்பிரதித் தாளில் மை இழையோடிப் பரவும். மாரியில், கார்த்திகை மார்கழி ஈரக்காற்றில், இன்னும் மோசம். அந்த மாதங்களில் மை காய்ந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் இன்னும் அரை மணித்தியாலம் பொறுத்தே றப்பர் போடுங்கள். சித்திரை வைகாசி வெக்கையில் வேறு தொல்லை: வியர்வை. கையின் கீழ் ஒரு வெற்றுத்தாள் எப்போதும் இருக்கட்டும்.

முதற்கோட்டை எச்பி பென்சிலால் மெதுவாக, அல்லது வெளிர்நீலப் பென்சிலால் போடுங்கள். 2எச் போன்ற கடும் பென்சில் மட்டையில் தவாளிப்பு விடும்; மை அதற்குள் ஓடும்.

எழுத்து

தமிழ் எழுத்து சுருங்கும்போது முதலில் சாவது சுழிகள். மூன்று சுழி ண அடைபட்டு ன போலத் தெரியும். அதற்கு அடுத்தபடி மெய்யெழுத்தின் புள்ளி மறையும். “க்” என்பது “க” ஆகிவிடும். கையால் எழுதுவதானால் மூலத்தில் எழுத்துயரம் 4.5 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. அச்சில் அது 3 ஆகும். 03 பேனையால் எழுதுங்கள், சுழியைச் சற்றுப் பெருப்பித்து, புள்ளியை ஒற்றாமல் சிறு வட்டமாக அழுத்தி நிரப்புங்கள்.

பேச்சுக்குமிழ் போடுவதானால் எழுத்து முதலில், குமிழ் பிறகு. குமிழை முதலில் வரைந்தால் நீண்ட தமிழ்ச்சொல் இடிபட்டு, கடைசி எழுத்துகள் நசுங்கும். சொல்லை இடையில் உடைக்காதீர்கள். பொருளோடு வரி பிரியுங்கள். “தண்ணி வேணுமெண்டால்” ஒரு வரி, “வெக்கப்படாமல்” ஒரு வரி, “கேளுங்கோ” தனியே. இருவர் பேசினால் முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும், அவர் குமிழ் மேலே இருக்க வேண்டும். இதைப் பென்சில் நிலையிலேயே தீர்க்காவிட்டால் பிறகு ஆளையே இடம் மாற்றி வரைய நேரும்.

கணினியில் எழுத்துச் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே பல அச்சகங்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துரு இன்னும் புழங்குகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வசனம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். யூனிகோட்டிலிருந்து பாமினிக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம்பெயர்வதும் உண்டு. வசனத்தை வெளிக்கோட்டு உருவமாக்கியோ, எழுத்துருவைப் பொதிந்தோ பி.டி.எவ் ஆகவே கொடுங்கள்.

ஸ்கான் செய்தல்

புதுப்படத்தை 600 டிபிஐயில், சாம்பல் அளவில் ஸ்கான் செய்து, பிறகு கறுப்பு வெள்ளையாக்குங்கள். நேரே கறுப்பு வெள்ளையில் ஸ்கான் செய்தால் மெல்லிய கோடு எங்கே அறும் என்ற தீர்மானத்தை இயந்திரத்திடம் விட்டதாகிவிடும். வெளிர்நீலப் பென்சில் போட்டிருந்தால் நிறத்தில் ஸ்கான் செய்யுங்கள்; நிறப்படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அலைவரிசைகளாக (சானல்) இருக்கும், அதில் நீல அலைவரிசையை மட்டும் எடுங்கள். நீலம் அங்கே கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும்.

பழைய சஞ்சிகைக்கு இதற்கு எதிர்மாறு. மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் காலப்போக்கில் மஞ்சளாகிப் பழுக்கும். மஞ்சளும் கபிலமும் சிவப்பு அலைவரிசையில்தான் வெளிறும். ஆகவே சிவப்பை எடுங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் தாள் தட்டுப்பட்டுக் கோடிட்ட கொப்பித்தாளிலும் அச்சடித்தார்கள். அத்தகைய பக்கத்தில் நீலக்கோட்டை நீக்க நீல அலைவரிசை வேண்டும், பழுப்பை நீக்கச் சிவப்பு வேண்டும்; இரண்டும் ஒன்றாக முடியாது. சிவப்பை எடுத்து, கொப்பிக் கோடுகளைக் கையாலேயே அழிப்பதுதான் சரி.

பக்கத்துக்குப் பின்னே ஒரு கறுப்புத்தாள் வையுங்கள். மறுபக்க எழுத்து ஊடுதெரிவது குறையும். கடற்காற்றில் ஸ்ரேப்பிள் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். தட்டையான கத்தி முனையால் கம்பியின் இரண்டு காலையும் நிமிர்த்தி மெல்லக் கழற்றுங்கள், இழுக்காதீர்கள். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டவே வேண்டாம்: பசை சில ஆண்டுகளில் கபிலமாகி எழுத்தோடு ஊறிவிடும். 1981இல் பொதுசன நூலகம் எரிந்ததும், பின்வந்த இடப்பெயர்வுகளும் பழைய சஞ்சிகைகளில் எவ்வளவைக் கொண்டுபோயின என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கையில் கிடைத்த பிரதி ஒற்றைப் பிரதியாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடேயே தொடுங்கள்.

நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரத்தில் சிரித்திரன் உட்படப் பல சஞ்சிகைகளை வாசிக்கலாம். எந்த இதழில் எந்தப் படம் என்று அட்டவணை போட இது பெரிய உதவி. அச்சுக்கு மட்டும் தாட்பிரதியைத் தேடி மறுபடி ஸ்கான் செய்யுங்கள். திரைவாசிப்புக்குச் சுருக்கிய கோப்பில் மெல்லிய கோடு சிதறியிருக்கும்.

தொகுப்பு நூல்

படங்கள் உங்களுடையவை அல்லவென்றால் முதல் வேலை அனுமதி. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியோனின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும். 1996இல் மறைந்த ஒருவரின் படங்களுக்கு 2066 முடியும்வரை உரிமை உண்டு. குடும்பத்தாரிடம் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை பிரதி, எத்தனை பதிப்பு, இணையத்தில் போடலாமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். “ஊர்ச் சொத்துத்தானே” என்று அச்சடிப்பது அந்த ஓவியருக்குச் செய்யும் அநியாயம். ஐஎஸ்பிஎன் இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறலாம்.

அச்சுப் படிவம் 16 பக்கமாகப் போகும். 96 பக்கம் என்றால் ஆறு படிவம். முன்பக்கங்களுக்கும் கடைசிக் குறிப்புகளுக்குமாக எட்டை ஒதுக்கினால் 88 படம். அதற்கு இருநூற்றைம்பது படமாவது கையில் வைத்துத் தெரிவுசெய்யுங்கள். தெரிவில்தான் தொகுப்பின் தரம் இருக்கிறது. படம் வந்த வாரத்துச் செய்தி தெரியாத இளம் வாசகர் இருவரிடம் காட்டுங்கள். விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். அவர்கள் சிரித்தவை ஒரு கட்டு. “இது என்ன?” என்று கேட்டவை இன்னொரு கட்டு. இரண்டாவது கட்டை அப்படியே எறிந்துவிடாதீர்கள். 1970களின் பாண் வரிசை, இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய் வெங்காயச் செய்கைக்காரர் கைநிறையக் கண்ட காலம், 1990களின் தடைக்காலத்து ஜாம் போத்தல் விளக்கு என்று அவை வரலாறாகப் பேசும். அவற்றில் சிறந்தவற்றை எடுத்து, ஒருவரிக் குறிப்பைப் படத்துக்குக் கீழே போடாமல் நூலின் கடைசியில் பக்க இலக்கத்தோடு போடுங்கள். கீழே போட்டால் பகிடிக்கு முன்பே விளக்கம் கண்ணில் படும்.

பழைய சஞ்சிகைப் படங்களில் மனைவியை அடிப்பதும், உடற்குறையும், சாதியும் பகிடியாக வந்திருப்பதைக் காண்பீர்கள். அடிபடுகிறவரைப் பார்த்துச் சிரிக்க வைக்கும் படத்தைச் சிரிப்புத் தொகுப்பில் சேர்க்க வேண்டியதில்லை. ஆய்வுக்கு வேண்டுமென்றால் அதற்கு வேறு நூல், முன்னுரையோடு.

வரிசையில் ஒரே வகையை அடுக்காதீர்கள். நாலு வேலிப் பகிடி தொடர்ந்து வந்தால் நாலாவதில் வாசகர் முன்கூட்டியே சிரித்து முடித்திருப்பார். வசனமுள்ள இரண்டுக்குப் பின் வசனமில்லாத ஒன்று நல்ல இளைப்பாறல். ஒவ்வொரு படத்தின் கீழும் ஆண்டும் மாதமும் சின்ன எழுத்தில் இருக்கட்டும். பக்கத்துக்கு ஒரு படம் போதும். கடதாசி மிச்சம் பிடிக்க இரண்டைத் திணித்தால் ஒன்று மற்றதைக் கொல்லும். 80 கிராம் தாளில் கறுப்பு நிரவிய இடங்கள் மறுபக்கம் தெரியும், 100 கிராம் கேளுங்கள்.

கடைசி மாதிரிப்படியைத் திரையில் பார்க்க வேண்டாம், அச்சிடப் போகும் அதே தாளில் கேளுங்கள். சுழிகளையும் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு வசனத்தையும் படத்தையும் சோடி பாருங்கள்: பக்க அமைப்பில் ஒரு படம் நகர்ந்தால் பின்வரும் வசனங்கள் எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போய், வேலிப் படத்துக்குக் கீழே சீதன வசனம் வந்து நிற்கும். தொகுப்பு நூல்களில் மிகக் கெடுதியான பிழை இதுதான். படக் கோப்பின் பெயரிலேயே வசனத்தின் முதற்சொல்லைச் சேர்த்து வையுங்கள், “041-தண்ணி” என்பதுபோல. மாதிரிப்படியைச் சரிபார்ப்பவர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 88 பக்கத்தையும் ஒருமுறை புரட்டினால் போதும்.